டூர் என்று பாங்காக் போனால் மியான்மரில் சிறை: வலை விரிப்பது எப்படி? கடலூர், சிதம்பரம் பட்டதாரிகள் கவனிக்க வேண்டியது என்ன?

2025 பிப்ரவரி 6-ம் தேதி அஜித்தின் 'விடாமுயற்சி' ரிலீஸ் ஆனது. அஜர்பைஜானில் கணவனும் மனைவியும் காரில் போகிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் கார் நின்றுவிடுகிறது. உதவிக்கு வந்த லாரியில் ஏறிப்போன த்ரிஷா காணாமல் போகிறார். தெரியாத ஊர், புரியாத மொழி, யாரை நம்புவதென்றே தெரியாத நிலை. தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த நமக்கே வியர்த்தது.

அந்தப் படம் வருவதற்குச் சரியாக ஒரு நாள் முன்னால், பிப்ரவரி 5-ம் தேதி, தாய்லாந்து அரசு ஒரு வேலை செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மியான்மர் ஊர்களுக்குத் தான் கொடுத்துவந்த மின்சாரத்தை நிறுத்தியது. இன்டர்நெட்டையும் எரிபொருளையும் சேர்த்தே நிறுத்தியது. அந்த ஊர்களில் ஒன்றின் பெயர் மியாவாடி. பல நாட்டு இளைஞர்களை அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யவைக்கும் கும்பல்களின் கோட்டை அது.

அடுத்த மாதமே, மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்குப் போய் முதலில் 283 பேரையும் பிறகு 266 பேரையும் கூட்டி வந்தன. மொத்தம் 549 இந்தியர்கள். இது சினிமா இல்லை.

எப்படி மாட்டுகிறார்கள்?

பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் மெசேஜில்தான் ஆரம்பம். 'டேட்டா என்ட்ரி வேலை', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்', 'கஸ்டமர் சப்போர்ட்'. இடம் பாங்காக். இங்கே கிடைக்கும் சம்பளத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு. ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரிந்தால் போதும். இன்டர்வியூ வீடியோ காலில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சில சமயம் டிக்கெட்கூட அவர்களே போட்டுத் தருவார்கள்.

கூடவே ஒரு வரி சொல்வார்கள். "இமிகிரேஷன்ல கேட்டா டூர் போறேன்னு மட்டும் சொல்லுங்க. போனதும் ஒர்க் பெர்மிட் எடுத்துக்கலாம்."

கதை திரும்பும் இடமே இதுதான். 2023 நவம்பரில் இருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே தாய்லாந்துக்குள் போக முடிந்தது. உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. 2024-ல் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் தாய்லாந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கடற்கரையில் போட்டோ எடுத்துவிட்டுப் பத்திரமாகத்தான் திரும்பினார்கள். அதனால் தாய்லாந்து என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வேலைக்குப் போகிறவரும் டூரிஸ்ட் மாதிரியே நுழைந்துவிடலாம் என்பது ஏஜென்ட்டுகளுக்குக் கிடைத்த வசதி.

சென்னையில் இருந்து பாங்காக் விமானத்தில் மூன்றரை மணி நேரம். சிதம்பரத்தில் இருந்து பஸ் ஏறி சென்னை வந்து சேரும் நேரத்தைவிடக் குறைவு! ஏர்போர்ட்டில் கார் தயாராக இருக்கும். ஆபீஸ் பக்கத்தில்தான் என்பார்கள். ஆனால் கார் நிற்காமல் வடமேற்கே போய்க்கொண்டே இருக்கும். சுமார் 500 கிலோமீட்டர் தாண்டி மே சோட் வரும். அங்கே மோய் என்று ஒரு ஆறு, அதுதான் எல்லை. கோடைக்காலத்தில் நம்ம ஊர் வெள்ளாறு மாதிரி இறங்கியே கடந்துவிடலாம் போலிருக்கும். படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனால் மியாவாடி.

ஆற்றைக் கடந்த அந்தச் சில நிமிஷங்களில் சட்டப்படியும் ஒரு விஷயம் நடந்துவிடுகிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் தாய்லாந்தை விட்டு வெளியேறிய முத்திரை இல்லை. மியான்மருக்குள் நுழைந்த முத்திரையும் இல்லை. கடத்தப்பட்டவர் நீங்கள்தான், ஆனால் இரண்டு நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் பார்வையிலும் நீங்களே குற்றவாளி. தப்பித்து வந்த பிறகும் பலர் காவலில் இருக்க நேர்வதற்கு இதுதான் காரணம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் வேலை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது. அதன் பிறகு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கம்ப்யூட்டர் முன்னால். அழகான பெண்ணின் போட்டோ வைத்த போலி புரொஃபைல்கள். யாரோ முகம் தெரியாத ஒருவரிடம் வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, நம்பவைத்து, கடைசியில் ஒரு போலி கிரிப்டோ ஆப்பில் பணம் போடவைக்க வேண்டும். சீன மொழியில் இந்த மோசடிக்கு வைத்திருக்கும் பெயரே பயங்கரமானது: பன்றியைக் கொழுக்கவைத்து அறுப்பது. டார்கெட்டை எட்டவில்லை என்றால் அபராதம், அடி, ஷாக். வெளியே போக வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம் கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் பக்கத்து 'கம்பெனி'க்கு ஆளையே விற்றுவிடுவார்கள்.

ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஒரு அறிக்கை வெளியிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தி மோசடி வேலை வாங்கப்படுகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. அதே மாதம் சீனாவில் 'நோ மோர் பெட்ஸ்' என்ற த்ரில்லர் வெளியாகி வசூலை அள்ளியது. வெளிநாட்டு வேலையை நம்பிப் போய் மோசடிக் கும்பலிடம் சிக்கும் இளைஞனின் கதை. படம் பார்த்த சீனர்கள் பலர் தென்கிழக்கு ஆசியா டூரையே தள்ளிப்போட்டார்கள். 2025 ஜனவரியில் நிஜமும் சினிமாவும் கலந்தே போயின. பட வாய்ப்பு என்று நம்பி தாய்லாந்து போன சீன நடிகர் வாங் ஷிங்கே மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, சில நாட்களில் மொட்டைத் தலையோடு மீட்கப்பட்டார். தாய்லாந்து கரண்ட்டை கட் செய்ததற்குப் பின்னால் அந்தச் சம்பவம் கிளப்பிய பரபரப்பும் உண்டு.

மியான்மர் போலீஸ் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில் இருந்து அங்கே உள்நாட்டுப் போர். மியாவாடி பக்கம் ஆயுதக் குழுக்களின் ராஜ்ஜியம். கும்பல்களுக்கு இடம் கொடுத்து வாடகை வாங்குவதே அந்தக் குழுக்களில் சிலருக்குத் தொழில்.

கடலூர் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாடு என்பது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா போகாத தெருவைத் தேட வேண்டும். அதற்குக் கொடுத்த விலையும் தெரியும். 2024 ஜூன் 12-ல் குவைத் மங்காப் தீ விபத்தில் இறந்த தமிழர்களில் கடலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர். அதனால் இங்கே பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வெளிநாடு போறேன் என்றால் முதலில் "என்ன விசா, எந்த கம்பெனி?" என்று கேட்பார்கள்.

இந்த வலை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறது. இது குறிவைப்பது கொத்தனாரையோ டிரைவரையோ அல்ல. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு பெரிய கல்வி நிறுவனம் இருக்கும் ஊரில் எங்கு பார்த்தாலும் தென்படுகிற ஆளைத்தான்: டிகிரி முடித்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், ஆங்கிலம் சமாளிப்பவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர். 2022 செப்டம்பர் 24-ல் மத்திய வெளியுறவுத்துறை விட்ட எச்சரிக்கையிலேயே, ஐ.டி. திறமை உள்ள இளைஞர்கள்தான் குறி என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது மியான்மரில் சுமார் 300 இந்தியர்கள், அதில் 50 தமிழர்கள் வரை சிக்கியிருப்பதாக முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அக்டோபர் முதல் வாரம் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள்.

நம் சட்டம் எங்கே தூங்குகிறது என்பதும் இங்கேதான் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க 1983-ம் ஆண்டு குடியேற்றச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அரசின் அனுமதி முத்திரை வேண்டும். இதைத்தான் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்கிறோம். பத்தாவது தாண்டியவருக்கு அந்தச் சோதனையே கிடையாது, அவருக்கு விவரம் தெரியும் என்று சட்டம் நினைத்துக்கொள்கிறது. அந்த 18 நாடுகள் பட்டியலில் தாய்லாந்து உண்டு. மியான்மர், கம்போடியா, லாவோஸ் இல்லை. அதாவது படித்தவர், டூரிஸ்ட்டாக, இந்த நாடுகளுக்குப் போனால் கேள்வி கேட்க ஆளே இல்லை.

எண்ணிக்கை எவ்வளவு? 2022 ஜனவரி முதல் 2024 மே வரை விசிட் விசாவில் தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாம் போன 73,138 இந்தியர்களில் 29,466 பேர் திரும்பவில்லை என்று குடியேற்றத் துறைத் தரவு 2024-ல் வெளியானது. இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 3,124 பேர். எல்லோருமே அடிமைகளாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் எத்தனை பேர் என்பது தெரியாததுதான் கவலை.

இன்னொரு கொடுமையும் உண்டு. 2024-ன் முதல் நான்கு மாதங்களில் இந்தியாவில் நடந்த சைபர் நிதி மோசடிகளில் 46 சதவீதம் கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் இருந்து நடத்தப்பட்டவை என்று மத்திய அரசின் சைபர் குற்றத் தடுப்பு மையம் சொன்னது. அதாவது, மஞ்சக்குப்பத்தில் ரிட்டயர்மென்ட் பணத்தை டிரேடிங் ஆப்பில் போட்டு இழந்தவரும், அந்த மெசேஜை அடி வாங்கிக்கொண்டே டைப் செய்தவரும் ஒரே மாவட்டத்துக்காரர்களாக இருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

வேலைக்கு என்றால் வேலை விசா. தாய்லாந்து என்றால் அது இங்கிருந்து கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். டூரிஸ்ட்டாகப் போய் இறங்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், சொந்த மாமாவாகவே இருந்தாலும், நம்ப வேண்டாம். மாமா என்று சும்மா சொல்லவில்லை. தெரிந்தவர், கூடப் படித்தவர், முன்னாடியே அங்கே போனவர் மூலமாக வருகிற அழைப்புதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஆள் பிடித்துக் கொடுத்தால் உன்னை விடுகிறோம் என்று உள்ளே இருப்பவரிடமே பேரம் பேசுவார்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் ரூ.30,000, கூட ஜி.எஸ்.டி. அதற்கு ரசீது தர வேண்டும். லட்சம் லட்சமாக ஜிபேவில் அனுப்பச் சொன்னால் அவர் யார் என்று புரிந்துகொள்ளலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-ல் இருந்து இருக்கிறது. நம்மில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

நிஜமாகவே டூர்தான் போகிறீர்கள் என்றாலும், பாஸ்போர்ட் நகலையும் ஹோட்டல் முகவரியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்காவது ஷேர் செய்யுங்கள். ஆபத்து என்றால் போனில் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது "காப்பாத்துங்க" என்று சொல்ல முடியாது. "தாத்தாவுக்கு மாத்திரை வாங்கிட்டீங்களா" என்று கேட்கலாம்.

மாட்டிக்கொண்டால்?

கார் எல்லையை நோக்கிப் போகிறது என்று மேப்பில் தெரிந்தால், ஆற்றைக் கடப்பதற்கு முன்பு இறங்கிவிடுவதுதான் ஒரே நல்ல வாய்ப்பு. தாய்லாந்துக்குள் இருக்கும்வரை நீங்கள் முறைப்படி வந்த பயணி. பெட்ரோல் பங்க், போலீஸ் செக்போஸ்ட் எது கிடைத்தாலும் போதும். பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கு போன் போடலாம்.

இங்கே குடும்பம் செய்ய வேண்டியது: பணம் அனுப்புவதற்கு முன்பு புகார் கொடுப்பது. பணம் போனால் ஆள் வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு இந்தியாவுக்குள் இருந்து 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். வெளிநாட்டில் இருந்தால் +91 80690 09901 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அவர்களே அழைப்பார்கள். மத்திய அரசின் மதத் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். கூடவே கடலூர் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக ஒரு புகார். சிதம்பரத்தில் இருந்து 45 கிலோமீட்டர்தான், அலையத் தயங்க வேண்டாம்.

பல வீடுகளில் இந்தப் புகாரே கொடுப்பதில்லை. மகன் ஆன்லைன் மோசடி வேலை பார்த்தான் என்று வெளியே தெரிந்தால் கேஸ் நம் மேலேயே வருமோ என்ற பயம். ஏஜென்ட் சொந்தக்காரராக இருந்தால் இன்னும் சங்கடம். ஆனால் ஏஜென்ட்டுடன் நடந்த சாட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், டிக்கெட் எடுத்த பில் எல்லாம் புகாரோடு இருந்தால்தான் அவர் கடத்தப்பட்டவர் என்பதே பதிவாகும்.

உள்ளூர் ஏஜென்ட்டுக்கு என்ன தண்டனை? குடியேற்றச் சட்டத்தின் கீழ் மட்டும் வழக்குப் போட்டால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதம் இரண்டாயிரம் ரூபாய் வரை. ஆமாம், இரண்டாயிரம்தான், 1983-ல் எழுதிய தொகை. அதனால் புகார் எழுதும்போது பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவின்படி ஆள்கடத்தல் என்று பதியச் சொல்லிக் கேளுங்கள். அதில் ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு. ஒருவருக்கு மேல் என்றால் 10 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை.