டாக்டர் கேட்டால் கோபிக்கலாமா?



இனிப்பு நீர் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் நம் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார். நாம் கோபிப்பதில்லை. இன்னொரு சொட்டு எடுத்து, "எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுவோமா?" என்று அவர் கேட்டால்? "என்னைப் பார்த்தா இப்படிக் கேட்டார்!" என்று வீடு வரை பொருமிக்கொண்டே வருவோம். இந்தப் பொருமலுக்குப் பயந்தே பல குடும்ப டாக்டர்கள் வாயைத் திறப்பதில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாயார் சொன்னதைக் கேளுங்கள். "பேரைப் போடாமல் எழுதுங்கள் டீச்சர், நாலு பேருக்கு உதவட்டும்" என்றார் அவர். அவருடைய கணவர் லோரி ஓட்டுகிறவர். இரண்டு ஆண்டுகள் ஒரே கிளினிக்குக்குத்தான் போய்வந்தார். முதலில் விலாவில் அக்கி. அடுத்து வாயில் வெண்படலம். பிறகு விடாத இருமல், உடல் மெலிவு. ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தார்கள். சோதனை செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. காசநோயுடன் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்த பிறகே எச்.ஐ.வி. தெரிந்தது. மனைவிக்கும் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது. கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பார்த்த சோதனையில் இல்லாத கிருமி அது. அக்கி வந்த அன்றே பார்த்திருந்தால்?

டாக்டரின் சங்கடம்

காய்ச்சலுக்குப் போன ஒருநாள் எங்கள் குடும்ப டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன். "அப்பா காலத்திலிருந்து வருகிறவர்களிடம் எப்படிக் கேட்பேன் டீச்சர்? வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். 'இருக்கிறது' என்று வந்துவிட்டால் அரை மணி நேரமாவது உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போய்விட்டால்?" என்றார். அவர் நல்லவர். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு நோயாளியே விலை கொடுக்கிறார்.

இதற்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1998 முதல் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்கிறார்கள். யாரும் கோபிப்பதில்லை. ஏன்? எல்லாத் தாய்மாருக்கும் செய்வதால் யார்மீதும் சந்தேகம் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து இக்கிருமி தொற்றலாம். மலேசியா அதைத் தடுத்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் சான்றளித்தது. இலண்டனில் ஹாக்னி வட்டாரத்திலும் 2010 முதல் சில குடும்பக் கிளினிக்குகள், புதிதாகப் பதிந்த பெரியவர்களுக்கெல்லாம் விரைவுச் சோதனை செய்ய முன்வந்தன. மற்ற கிளினிக்குகளைவிட அங்கே அதிகம் பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் உடல் சீர்கெடுவதற்கு முன்பே.

சோதனை எப்படி?

ஒரு சொட்டு இரத்தம் போதும். சுமார் 20 நிமிடங்களில் முடிவு தெரியும். "இருக்கலாம்" என்று காட்டினால் அதுவே முடிவாகாது. வேறு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். கிருமி தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே ஐயத்துக்குரிய நாளிலிருந்து 90 நாள் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

இருக்கிறது என்று தெரிந்தால் வாழ்க்கை முடிந்துவிடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முதல்நிலை மருந்துகள் குடிமக்களுக்கு இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பிள்ளையைக் கொஞ்சுவதாலோ இது என்றுமே பரவாது. அந்த லோரிக்காரரும் மனைவியும் மருந்து சாப்பிடுகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள்.

அன்பர்களே, அடுத்த முறை டாக்டர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கேட்காவிட்டால், "டாக்டர், அதையும் பார்த்துவிடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கிளினிக்கில் சோதனை இல்லையென்றால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போனால் இன்னும் நல்லது. நாம் வாய் திறந்தால் டாக்டரின் தயக்கமும் தீரும்.