மீன் தொட்டியா, குட்டி உப்பளமா?

வாலிநோக்கம் உப்பளத்தில் என்ன நடக்குது? பாத்தியில் உப்புத் தண்ணீர் விடுறாங்க. வெயில் தண்ணீரை மட்டும் தூக்கிட்டுப் போயிடுது, உப்பு அங்கேயே தங்கிடுது. ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்தால், அதிலும் தினமும் இதேதான் நடக்கிறது.

கணக்குப் பார்ப்போமா?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம். தினம் 2 லிட்டர் ஆவியாகுதுன்னு வைங்க. "கடல்தான் பக்கத்துலயே இருக்கே"ன்னு கடல்நீரையே ஊற்றினால், நாளுக்கு 70 கிராம் உப்பு கூடும். பத்தே நாளில் லிட்டருக்கு 42 கிராம்! மட்டம் என்னவோ சரியாகத்தான் தெரியும். மீன் கொஞ்சம் தாங்கும். கடல் சாமந்தி, இறால் போன்றவற்றுக்கு உடம்பு உப்பைச் சமாளிக்கும் சக்தி குறைவு. அவைதான் முதலில் அடிவாங்கும்.

அதனால் ஆவியானதுக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்றணும். நம்ம மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. பழைய தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும் கடல்நீர்.

ஆட்டோமேட்டிக்காகச் செய்யலாமா?

செய்யலாம். மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழே ஒரு சின்னத் தொட்டிக்கு வரும். பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இந்த அமைப்பில் மேல்மட்டம் மாறாது, குறைவது முழுக்கக் கீழ்த்தொட்டியில்தான் தெரியும். ஃப்ளோட் சுவிட்சை அங்கே வைங்க. அலையில் சுவிட்ச் படபடன்னு ஆன்-ஆஃப் ஆகாமலிருக்க, ஆன் ஆகும் மட்டத்துக்கும் ஆஃப் ஆகும் மட்டத்துக்கும் கொஞ்சம் இடைவெளி விடணும்.

உப்பு படிந்து சுவிட்ச் சிக்கினால்? நல்ல தண்ணீர் கேனில் இருப்பது மொத்தமும் உள்ளே போகும். 10 லிட்டர் கேன் என்றால் உப்பு 35-லிருந்து 32 அளவுக்கு இறங்கும். 50 லிட்டர் என்றால் 23! அதனால் கேன் சின்னதாகவே இருக்கட்டும். கூடவே, மட்டம் எல்லை மீறினால் பம்பை நிறுத்த இரண்டாவது சுவிட்ச் ஒன்று. வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பார்த்துவிடுங்க.

கடைசியா ஒன்று. மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்த்த மீனோடு தொடங்குங்க. கடலில் உள்ளது கடலிலேயே இருக்கட்டும்.