தராசில் ஏறும் வல்லூறு

இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரில் நியூவெண்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1967-இல் ஃபிலிப் கிளேசியர் தொடங்கிய இரைகொல்லிப் பறவைகள் மையம் இருக்கிறது. பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்டுவதைப் பார்க்கவே வார இறுதியில் பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். பயிற்சியாளர் கையுறைக் கையை உயர்த்துகிறார். மரத்திலிருந்த பருந்து தாழப் பறந்துவந்து அதில் அமர்கிறது. சொன்ன பேச்சைக் கேட்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் அது கேட்பது தன் வயிற்றின் பேச்சை.

பறக்கவிடும் பறவையை முதலில் தராசில் நிறுத்தி, எடையைக் குறித்துக்கொள்வார்கள். எடை கூடியிருந்தால் பசி இருக்காது. பறவை மரத்திலேயே உட்கார்ந்து இறகு கோதும். குறைந்திருந்தால் உடம்பு தளரும். இரண்டுக்கும் நடுவே சில கிராம் இடைவெளியில்தான் காட்சி நடக்கிறது. நாய்க்குத் தட்டிக்கொடுத்தால் போதும்; அது கூட்டமாக வாழ்ந்த மரபில் வந்தது. இவையோ பெரும்பாலும் தனித்து வேட்டையாடுபவை. பறக்கச் செலவாகும் தெம்புக்கு இறைச்சி ஈடாகுமா என்பதே இவற்றின் கணக்கு.

இரையை நோக்கிச் செங்குத்தாகப் பாயும்போது பொரி வல்லூறு மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இங்கே அது துரத்துவது கயிற்றில் கட்டிச் சுழற்றும் போலி இரையை. முடிவில் இறைச்சி கொடுத்தாக வேண்டும். ஏமாற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வராமலே போய்விடும்.

கூகையின் கணக்கு வேறு. அதன் வெளிச்சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மை. மூன்றும் சேர்ந்து சிறகோசையை அடக்குகின்றன. தட்டு முகம் ஒலியைக் குவிக்க, மேலும் கீழுமாக அமைந்த இரு காதுகள் புல்லுக்குள் ஓடும் எலியின் இடத்தைக் கணிக்கின்றன. ஆனால் மென்மையான இறகு மழையைத் தாங்காது. அடைமழை இரவுகளில் பட்டினிதான்.

பாறுக் கழுகுகளின் கணக்கை மனிதர்கள் குலைத்தார்கள். 1990-களில் இந்தியாவில் அவை கொத்துக்கொத்தாகச் செத்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிநிவாரணி, இறந்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. கால்நடைகளுக்கு அம்மருந்தை 2006-இல் அரசு தடைசெய்தது. பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் இந்திய முயற்சிக்குக் கைகொடுத்தவர்களில் கிளேசியரின் மகளும் நியூவெண்ட் மையத்தின் இயக்குநருமான ஜெமிமா பாரி-ஜோன்ஸும் ஒருவர்.

வல்லூறின் எடை இன்று கூடிப்போனால் கவலையில்லை. நாளை பசித்ததும் பறக்கும். பாறுக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. அந்தக் குஞ்சு தானொரு கூடு கட்ட ஐந்தாண்டுகள் வரை ஆகும். நீலகிரி அடிவாரத்து மாயாற்றங்கரையில், நீர்மருத மரத்தின் உச்சியில், அந்த ஒற்றை முட்டையின்மேல்தான் இன்றும் ஒரு பாறு உட்கார்ந்திருக்கிறது.