நூறு லிட்டர் தண்ணீருடன் விசாகப்பட்டினத்துக்கு

ஹைதராபாத்தில் எங்களுடன் வசிக்கும் என் தாயார் பல ஆண்டுகளாக நீண்ட சாலைப் பயணம் எதற்கும் இசைந்ததில்லை. முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்வார். உண்மைக் காரணம் வேறு. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற அச்சத்தில், புறப்படுவதற்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துவிடுவார். ஒருமுறை அதனாலேயே சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அதன்பின் நாங்களும் அவரை வற்புறுத்தவில்லை.

சென்ற டிசம்பரில், கேரவன் ஒன்றை ஓட்டுநருடன் ஐந்து நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து விசாகப்பட்டினம் சென்று வரலாம் என்றபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “உள்ளே கழிப்பறை இருக்கிறதா?”

இருந்தது. அதனுடன் நால்வருக்குப் படுக்கை, சிறு சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, நூறு லிட்டர் நன்னீர்த் தொட்டி ஆகியவையும் இருந்தன.

ஏறத்தாழ 620 கிலோமீட்டர் தொலைவு. விஜயவாடா வரை 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதன்பின் 16-ஆம் எண் நெடுஞ்சாலை. முதல் இரவு ராஜமகேந்திரவரத்துக்கு அருகே ஓர் உணவகத்தின் வளாகத்தில், உரிமையாளரின் அனுமதியுடன் வண்டியை நிறுத்தினோம். வீட்டுக் குழாய் என்ற நினைப்பிலேயே நாங்களும் மகளும் குளித்துவிட, இரவு ஒன்பது மணிக்கே தொட்டி வறண்டது. தாயாரின் முகத்தில் பழைய அச்சம் மீண்டது. உணவகத்தார் குழாய் தந்து உதவியதால் தப்பித்தோம். மறுநாள் காலை முதல் தண்ணீர்க் கணக்கு தாயாரின் கைக்குச் சென்றது. பாத்திரம் துலக்க இவ்வளவு, குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று அவர் பங்கிட்டபின் தட்டுப்பாடே வரவில்லை. குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் அவர் கட்டுப்பாடு விதிக்கவில்லை. தாமும் தயங்காமல் அருந்தினார்.

விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரையில் ‘ஐ.என்.எஸ். குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1969-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற இக்கப்பல், 2002 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. நீளம் 91 மீட்டர். உள்ளே குனிந்து கடக்க வேண்டிய வட்ட வாயில்கள் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. தாயார் கேரவனிலேயே இளைப்பாறினார். அடுக்குப் படுக்கைகளையும் கையகலச் சமையலறையையும், நன்னீரை அளந்தே செலவிட்ட மாலுமிகளின் வாழ்க்கையையும் மகள் விவரித்தபோது, “நம் வண்டியைப் போலத்தான்” என்றார்.

2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற ருஷிகொண்டா கடற்கரைக்கு அருகே, மின் இணைப்பு வசதியுள்ள ஒரு விடுதி வளாகத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். அங்கிருந்து பீமுனிப்பட்டினம் செல்லும் சாலையில், கடலைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல் தொட்லகொண்டா பௌத்த மடாலயத்தின் எச்சங்கள் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானவை. பாறையில் குடையப்பட்ட நீர்த்தொட்டிகளாலேயே அக்குன்றுக்கு அப்பெயர் வந்தது. மழைநீரைத் தேக்கித் துறவிகள் வாழ்ந்த அவ்விடத்தில் தாயார் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

செலவைப் பொறுத்தவரை, விடுதி அறையும் வாடகைக் காரும் சேர்ந்த தொகையைவிடக் கேரவனுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆயிற்று. முன்பணம் கட்டுமுன் நாள் வாடகை, கிலோமீட்டர் வரம்பு, ஓட்டுநர் படி, அவர் தங்கும் ஏற்பாடு, பிற மாநில அனுமதிக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நலம். வண்டி ஓடும்போது எரிவாயு உருளையை மூடிவைக்க வேண்டும். கழிவுநீரைக் கடற்கரையிலோ சாலையோரத்திலோ திறந்துவிடலாகாது. அதை அகற்றும் இடத்தையும் வாடகைக்குத் தருபவரிடமே முன்னதாகக் கேட்டறியலாம்.

கூடுதலாகச் செலவிட்டதற்கு நாங்கள் வருந்தவில்லை. வீடு திரும்பிய மறுநாள், தாயார் மகளின் நிலப்படப் புத்தகத்தை விரித்துவைத்து 16-ஆம் எண் நெடுஞ்சாலையை விரலால் வடக்கு நோக்கித் தொடர்ந்துகொண்டிருந்தார். “இதே சாலையில் இன்னும் போனால் பூரிக்கும் போகலாம் போலிருக்கிறதே?” என்றார்.