தேக்காவில் வாங்கிய மண்பானை ஏன் அதிகம் குளிர்வதில்லை?

பொங்கல் நெருங்கும்போது தேக்காவின் கேம்பல் லேனில் மண்பானைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று பலர் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலிட மட்டுமே பானை வாங்குகிறோம். குளிர்பதனப் பெட்டி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பு பானைக்குத் தினமும் வேலை இருந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். காற்றுப் படும் மூலையில் ஈரமணலைப் பரப்பி, அதன்மேல் தண்ணீர்ப் பானையை வைத்து, ஈரத்துணியைச் சுற்றிய காலத்தைச் சொல்வார்கள். "அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியே தனி" என்பார்கள்.

அதே பானையைச் சிங்கப்பூரில் வைத்தால் தண்ணீர் அவ்வளவு குளிராது. பானையில் குறை இல்லை. காரணம் நம்மைச் சுற்றியுள்ள காற்று.

பானை செய்யும் வேலை

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. நீர் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் நீரின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைய 4.2 ஜூல் வெளியேறினால் போதும். ஆகவே 10 லிட்டர் பானையில் வெறும் 100 கிராம் நீர் ஆவியானாலே, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால், மீதி நீர் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். ஈரத்துணியும் ஈரமணலும் நீர் ஆவியாகும் பரப்பை அதிகமாக்கின.

காற்று போடும் எல்லை

காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டுவது 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. பானைத் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது.

மதுரையில் வறண்ட கோடைப் பிற்பகல் ஒன்றில் 38 டிகிரி வெப்பம், 30 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி. காற்றைவிட 14 டிகிரி குறைவு! சிங்கப்பூரில் 32 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அது ஏறத்தாழ 27 டிகிரி. இங்கு 5 டிகிரிதான் இறங்க முடியும்.

நம் உடலும் ஒரு பானை

வியர்வையும் இதே முறையில்தான் நம்மைக் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடல் நனையும், ஆனால் வெப்பம் போதிய அளவு வெளியேறாது. அதனால்தான் சிங்கப்பூரில் 2023 ஜூலையில் அறிமுகமான வெப்ப அழுத்த ஆலோசனை, வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. அந்த அளவீடு 33 டிகிரியை எட்டினால் வெப்ப அழுத்தம் 'அதிகம்'. அப்போது திடலில் ஓடுவதைத் தவிர்த்து, நிழலில் இருந்து, தண்ணீர் குடியுங்கள். தலைசுற்றல், வாந்தி உணர்வு வந்தால் உடனே விளையாட்டை நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

சாயம் பூசாத, ஒரே அளவிலான இரண்டு சிறு பானைகளை வாங்குங்கள். (சாயம் நுண்துளைகளை அடைத்துவிடும்.) இரண்டையும் ஓரிரவு நீரில் ஊற வையுங்கள். பிறகு சம அளவு தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றின் வெளிப்புறம் முழுவதும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். இரண்டையும் மின்விசிறிக்கு அருகில் வைத்து, மூன்று மணி நேரம் கழித்து வெப்பநிலையையும் எடையையும் அளந்து பாருங்கள். இதையே மழை நாளில் ஒருமுறையும் வெயில் நாளில் ஒருமுறையும் செய்யுங்கள். எந்த நாளில் அதிக எடை குறைந்தது? எந்த நாளில் அறையைவிடத் தண்ணீர் அதிகம் குளிர்ந்தது? விடையைத் தாத்தா பாட்டியிடமும் சொல்லுங்கள்.