ஆரணி குப்புசாமி முதலியாரும் மருமக் கதைகளின் கவர்ச்சியும்

தமிழ்ப் புதினத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1879ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை முதலிற் கூறுவர். அடுத்துக் கமலாம்பாள் சரித்திரத்தையும் பத்மாவதி சரித்திரத்தையும் பாராட்டுவர். அதன்பின் 1930ஆம் ஆண்டுகளின் மறுமலர்ச்சி எழுத்தாளரிடம் வந்து சேர்வர். இவ்விரு எல்லைகட்கும் இடைப்பட்ட காலத்தில் தமிழ்மக்கள் எவற்றை விரும்பிப் படித்தனர் என்னும் வினாவிற்கு, 'துப்பறியும் கதைகள், தழுவல்கள்' என்னும் இரண்டொரு சொற்களே விடையாகக் கிடைக்கின்றன. அக்கதைகளின் கவர்ச்சி எத்தகையது, எதனால் ஏற்பட்டது என்பதனை ஆரணி குப்புசாமி முதலியாரின் நூல்களை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

கமண்டலநாக நதிக்கரையில் அமைந்த ஆரணி பட்டு நெசவாற் பெயர்பெற்றது. முள்ளிப்பட்டு முதலிய அண்டையூர்களிலும் அத்தொழில் பரவியுள்ளது. இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரொடு தாங்கிய முதலியார், 1915இல் தோன்றிய ஆனந்தபோதினி என்னும் திங்களிதழின் ஆசிரியராக விளங்கி, 1925இல் மறைந்தார். அவர் எழுதிய புதினங்கள் எழுபதுக்கு மேற்பட்டன என்பர். துப்பறியும் கதை தமிழுக்கு இவரால் வந்ததன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டளவிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். எனினும், அவ்வகைக் கதையைப் பெருந்தொகையாக எழுதிப் பொதுமக்களின் வாசிப்பாக்கிய முன்னோடிகளுள் முதலியார் ஒருவர்.

நூல்களின் தலைப்புக்களே அவற்றின் பல்வகைமையை உணர்த்தும். 'இரத்தினபுரி இரகசியம்' மறைபொருளைப் பெயரிலேயே கொண்டுள்ளது. 'தபாற் கொள்ளைக்காரர்கள்' கள்வர் கதை. 'மின்சார மாயவன்' அறிவியற் புதுமையும் மாயமும் விரவியது என்பதைப் பெயரே காட்டும். 'மஞ்சள் அறையின் மர்மம்' என்பதோ, பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்டன் லெரூ 1907இல் எழுதிய புகழ்பெற்ற புதினத்தின் தலைப்பேயாகும்.

முதலியார் பெரிதும் தழுவியவை ஆங்கில நூல்களே. அவற்றுள் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸின் கதைகள் தலையாயவை. இலண்டன் நகரத்து இரகசியங்களை 1844 முதல் வாரந்தோறும் ஒரு பென்னி விலையிற் பகுதி பகுதியாக வெளியிட்டவர் அவர். ஆங்கிலத் திறனாய்வாளர் அவரை மதித்திலர். ஆங்கிலத் தொழிலாளரும் இந்திய வாசகரும் அவரை விரும்பிப் படித்தனர். கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ், முதலியாரின் கையில் ஆனந்தசிங் ஆயினான். மாறியது பெயர் மட்டுமன்று. ஊர், உறவுமுறை, உணவு, வழிபாடு ஆகிய அனைத்தும் மாறின. இடையிடையே நீதியுரைகளும் புகுந்தன. ஆரணி நெசவாளர் அறிந்த சொற்களிற் கூறின், பாவு பிறநாட்டது, ஊடை தமிழ்நாட்டது. புதுமைப்பித்தன் பிற்காலத்தே தழுவலை வன்மையாகச் சாடினார். இலக்கிய நேர்மை கருதிய அக்கண்டனம் தக்கதே. ஆயினும், வாசகர் ஏன் விரும்பினர் என்பதற்கு அஃது விடையாகாது.

அக்கவர்ச்சிக்குக் காரணங்கள் மூன்று என யாம் கருதுகின்றோம். முதலாவது, மறைபொருளை அறியும் வேட்கை. விடுகதைக்கும் பழங்கதைக்கும் பழகிய செவிக்கு இது புதிதன்று. அச்சு நூல் அதனை முந்நூறு பக்கத்திற்கு நீட்டித்தது.

இரண்டாவது, காலத்தின் அச்சம். இருப்புப்பாதை, தபால், தந்தி, மின்விளக்கு, போலீஸ், நீதிமன்றம் ஆகியன மக்கள் வாழ்விற் புகுந்து நிலைபெற்ற காலம் அது. சிற்றூரில் ஒருவனை அவன் குலமும் தெருவும் காட்டிக்கொடுக்கும். நகரத்திலோ, இரயில் வண்டியில் எதிரே அமர்ந்தவன் யாவன் என்பது தெரியாது. ஆள்மாறாட்டமும் பொய்யுயிலும் இக்கதைகளில் மிகுந்து வருதற்கு இதுவே காரணமாதல் கூடும்.

மூன்றாவதே முதன்மையானது, அது நீதி உரிய காலத்தில் வெளிப்படும் என்னும் உறுதி. சிலப்பதிகாரத்தில் உண்மை வெளிப்படுகின்றது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கின்றது. ஆனால், அதற்குள் கோவலன் கொலையுண்டான். துப்பறியும் கதையிலோ, தூக்குமேடை நோக்கிச் செல்லும் குற்றமற்றவனைத் துப்பறிவோன் காலம் தாழ்த்தாது வந்து மீட்கின்றான். நீதிமன்றத்தின் மொழியும் நடைமுறையும் அறியாது, வழக்குச் செலவிற்கு அஞ்சி வாழ்ந்த எளிய வாசகனுக்கு இவ்வுறுதி பேராறுதலாயிற்று எனலாம்.

இவ்வாறுதலே பின்வந்த பலவகைக் கதைகட்கும் பொதுவாயிற்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால் ஆகியோர் ஒரே மரபினர். வடுவூராரின் மேனகா 1935இலும், திகம்பர சாமியார் 1950இலும் திரைப்படங்களாயின. 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட புதினங்கள் எழுதினார். பெண்கள் படிக்கவும் எழுதவும் துணிந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1969இல் தொடங்கிய ராணிமுத்துவின் வழிவந்த திங்கட் புதினங்களில் ராஜேஷ்குமாரின் குற்றக்கதையும், இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுடக் கதையும், ரமணிசந்திரனின் காதற்கதையும் பேருந்து நிலையக் கடைகளில் அருகருகே தொங்கின. வகை வேறாயினும், முடிச்சு அவிழும், துன்பம் தீரும் என்னும் வாக்குறுதி பெரும்பாலும் வேறன்று.

இந்நூல்களின் குறைகளை மறைத்தல் எம் கருத்தன்று. நம்பற்கரிய நிகழ்ச்சிகளும், பெண்டிரைப் பற்றிய குறுகிய நோக்கும், சாதி பற்றிய ஏளனமும் இவற்றுட் பல உள. ஆனால், அக்குறைகளும் அக்கால மனநிலைக்குச் சான்றுகளே என்க.

அச்சான்றுகள் இன்று அழிந்து வருகின்றன. மலிவான தாளில் அச்சிட்ட நூல் மடித்த இடத்தில் முறியும்; படித்தவர் அதனைப் பழந்தாள் கடைக்கு அனுப்புவர்; நூலகங்களோ இவற்றை வாங்கத் தயங்கின. தனியொருவரின் ஆர்வமே பலவற்றைக் காத்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தொகுத்த நூல்களும் இதழ்களும், 1994இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்தின் வாயிலாகச் சென்னையில் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. ஆரணி போன்ற ஊர்களில் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் கிடத்தற்குரிய படிகளைத் தேடித் தொகுத்தலும், பதிப்பு விவரங்களை வரிசைப்படுத்தலும் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத் தக்க பணியாகும். இப்பணி நிகழாதாயின், அக்காலத்துச் சான்றோர் எவற்றை எழுதினர் என்பதை அறிவோம். மக்கள் எவற்றைப் படித்தனர் என்பதை அறியோம். அங்ஙனம் எழுதப்படும் இலக்கிய வரலாறு பாதி வரலாறேயாம்.