ஒரு நிமிடமும் ஒரு வாக்கியமும்: தொலைக்காட்சிக் குற்றத்தொடர்க் காட்சி ஒன்றில் பதைப்பு உருவாகும் முறை

திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் நோக்கரை நாற்காலி நுனிக்கு இழுக்கும் உணர்வை ஆங்கிலத்தில் 'சஸ்பென்ஸ்' என்பர். இச்சொல் தமிழ்ப் பேச்சு வழக்கிற்கு வந்தபோது பொருள் சற்றே விலகிவிட்டது. 'சஸ்பென்ஸை உடைத்துவிடாதே' என்று நாம் கூறும்போது அது மறைத்து வைக்கப்பட்ட செய்தியையே குறிக்கிறது. திரைக்கலையார் அச்சொல்லால் குறிப்பது ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் (நூல்வடிவம் 1966) இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். மேசைக்கடியில் குண்டு இருப்பதை அறியாத நோக்கருக்கு அது வெடிக்கும்போது சில நொடி அதிர்ச்சி மட்டுமே கிட்டுகிறது. குண்டு இருப்பதையும் வெடிக்கும் நேரத்தையும் நோக்கர் முன்பே அறிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் அறியாதிருந்தால், அவர்கள் பேசும் வெற்றுப் பேச்சு முழுவதும் தாங்கவொண்ணாததாகிறது. அதாவது செய்தியை மறைப்பதன்று, செய்தியை முன்னதாகவே தருவதுதான் இவ்வுணர்வை உண்டாக்குகிறது. 'மர்மம்', 'திகில்' என்னும் சொற்கள் இதற்குப் பொருந்தா. இக்கட்டுரையில் 'பதைப்பு' என்னும் சொல் இப்பொருளில் ஆளப்படுகிறது.

யாருக்கு எது, எந்த வரிசையில், எப்போது தெரிவிக்கப்படுகிறது என்பதே பதைப்பின் இலக்கணம் என்றால், அது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அயலானதன்று. வாக்கியமும் அதே வேலையைச் செய்கிறது. இதனை விளக்க, 'பிரேக்கிங் பேட்' (2008-2013) என்னும் அமெரிக்கத் தொடரின் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பருவத்தின் ஏழாம் பகுதியாக 2010 மே 2 அன்று ஒளிபரப்பான அதன் தலைப்பே 'ஒரு நிமிடம்' என்பதாகும். எழுதியவர் தாமஸ் ஷ்னாஸ். இயக்கியவர் மிஷெல் மெக்லாரன்.

காட்சியும் அதன் முன்னேற்பாடும்

ஹேங்க் ஷ்ரேடர் (நடிகர் டீன் நோரிஸ்) போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி. ஒருவனைக் கண்மூடித்தனமாக அடித்ததற்காகப் பணியிலிருந்து விலக்கப்பட்டுத் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டார். கையில் மலர்க்கொத்துடன் வணிக வளாகத்திலிருந்து வெளிவந்து, வாகன நிறுத்துமிடத்தில் தம் காரில் அமர்கிறார். கைப்பேசி ஒலிக்கிறது. கருவியால் உருமாற்றப்பட்ட குரலொன்று, அவரைக் கொல்ல இருவர் வருவதாகவும் அவருக்கு ஒரு நிமிட அவகாசமே உள்ளதாகவும் கூறித் துண்டித்துவிடுகிறது.

கொலையாளிகளான இரட்டையருக்கு ஹேங்கைக் கொல்ல இசைவளிக்கப்பட்டதை முந்தைய வாரப் பகுதியிலேயே நோக்கர் கண்டுவிட்டனர். ஹிட்ச்காக் கூறிய குண்டு இங்கு ஏழு நாள் மேசைக்கடியில் கிடந்தது எனலாம். வார இடைவெளியையே கருவியாக்கிக்கொள்ளும் இவ்வாய்ப்பு திரைப்படத்திற்கு இல்லை. அன்றியும், இதே பகுதியின் முற்பாதியில் இரட்டையர் ஓர் ஆயுத வணிகனிடம் குண்டு துளைக்காத உட்சட்டை வாங்குகின்றனர். அவன் தனிவகைத் தோட்டா ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறான். அப்போது இவை பொருளற்ற விவரங்களாகவே தோன்றும். பின்னர், ஹேங்க் சுடும் குண்டு உட்சட்டையில் பட்டு வீணாகும்போதும், தரையில் விழுந்து கிடக்கும் அத்தோட்டாவை நோக்கி அவர் கை நீளும்போதும், விளக்கச்சொல் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

தொலைபேசி துண்டிக்கப்பட்டபின் வருவதே காட்சியின் உயிர்ப்பகுதி. அதுவரை ஹேங்கைவிட மிகுதியாக அறிந்திருந்த நோக்கர், இப்போது அவருக்குச் சமமாகத் தாழ்த்தப்படுகின்றனர். கொலையாளிகள் வருவது உறுதி. எத்திசையிலிருந்து என்பது இருசாராருக்கும் தெரியாது. கேமரா ஹேங்கின் பார்வையோடு ஒட்டிக்கொள்கிறது. காரின் கண்ணாடிகளில் தெரியும் துண்டுத்துண்டான உலகமே நமக்கும் கிட்டும் உலகம். நடந்து செல்லும் ஒவ்வொரு மனிதரும் கொலையாளியாகத் தோன்றி, இரண்டொரு நொடியில் வெறும் வழிப்போக்கராகிவிடுகிறார். இடுப்பில் துப்பாக்கி இருந்த இடத்திற்குச் செல்லும் கை வெறுமையைத் தொடுகிறது. காரின் எண்கடிகாரம் 3:07 காட்டுகிறது.

இக்கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். அது நொடிகளைக் காட்டுவதில்லை. அழைப்பு வந்தபோது 3:07 தொடங்கியிருந்ததா, முடியும் தறுவாயில் இருந்ததா என்பதை நாம் அறிய இயலாது. எனவே 'ஒரு நிமிடம்' என்பது துல்லியமான அளவு போல ஒலித்தாலும், முடிவுப்புள்ளி தெரியாத அளவாகவே நிற்கிறது. வெடிகுண்டுக் கதைகளில் நொடிநொடியாகக் குறையும் எண்களைக் காட்டும் பழகிய உத்தியைவிட இது நுட்பமானது என்பது என் கருத்து. எண் மாறி 3:08 ஆகும்போது ஒன்றும் நிகழவில்லையே என்ற ஆறுதல் ஒரு கணம் எழுகிறது. ஆபத்து கண்ணாடியில் தோன்றுவது அதன் பின்னரே.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

இக்காட்சியைத் திரையடி வாசகமாகவோ (சப்டைட்டில்) குரல்மாற்றமாகவோ (டப்பிங்) தமிழாக்க முற்படுபவர் முதல் வாக்கியத்திலேயே தயங்க நேரிடும். ஆங்கில அமைப்பில் 'இருவர்' முதலிலும் 'வருதல்' இடையிலும் 'கொல்லுதல்' இறுதியிலும் நிற்கும். கேட்போர் 'யாரோ வருகிறார்கள்' என்று அறிந்தபின்னரே 'எதற்கு' என்பதை அறிகின்றனர். தமிழில் 'உங்களைக் கொல்ல இரண்டு பேர் வருகிறார்கள்' என்பது இயல்பான தொடர். ஆனால் கொலை முதலில் வந்துவிடுகிறது. வாக்கியத்தின் மீதி வெறும் விவரமாகிறது. 'இரண்டு பேர் வருகிறார்கள். உங்களைக் கொல்ல' என்று முறித்தால் செய்தி வரிசை காக்கப்படும். முற்றுவினைக்குப் பின் ஒரு கூறினை நிறுத்துவது தமிழ்ப் பேச்சுக்கு அயலன்று. இங்கு இரண்டாவதே சிறந்தது. ஆனால் இரு கூறுகளையும் ஒரே அடிவாசகத்தில் இட்டால் பயனில்லை. குரல் சொல் சொல்லாக வருகிறது. அடிவாசகமோ ஒருசேரத் தோன்றுகிறது. கண் காதை முந்திக்கொள்ளும்.

இதனினும் கடினமானது முன்னிலைச் சொல். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைப் பெயர் பேசுவோனைப் பற்றி ஒன்றும் தெரிவிப்பதில்லை. குரல் உருமாற்றப்பட்டதன் நோக்கமும் அதுவே. தமிழோ 'நீ', 'நீங்கள்' என்னும் இரண்டில் ஒன்றைக் கேட்கிறது. 'நீ' என்றால் அழைத்தவன் எதிரியோ குற்றவாளியோ என்று தோன்றும். 'நீங்கள்' என்றால் அதிகாரியை மதிக்கும் ஒருவன் என்று தோன்றும். கருவி மறைத்ததை இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடரின் பிற்பகுதி, அழைத்தவர் கஸ் ஃப்ரிங் என்னும் வணிகரே என ஊகிக்க வைக்கிறது. அவர் ஹேங்கின் குடும்பத்தாரிடம் மிக்க மரியாதையுடன் பழகுபவர். ஆகவே 'நீங்கள்' பொருத்தமே. எனினும் முன்னிலையையே தவிர்த்து, 'காரை நோக்கி இரண்டு பேர் வருகிறார்கள். கொலை செய்ய' என அமைப்பது மேலும் பொருந்தும். முழுத்தொடரையும் பார்த்து முடிக்காமல் பகுதி பகுதியாக மொழிபெயர்க்கத் தரும் வழக்கம், இத்தகைய இடங்களில்தான் கேடு விளைவிக்கிறது.

'வருகிறார்கள்' என்பதில் இடர் இல்லை. வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்த நெறி. கேட்போன் இருக்குமிடமே வாக்கியத்தின் மையம் என்பதை அவ்வினையே உணர்த்துகிறது. கேமராவும் அங்கேதான் நிற்கிறது.

அவகாசம் பற்றிய தொடரில் வேறொரு பொறி உள்ளது. இடச்சுருக்கம் கருதி 'ஒரு நிமிடம்' என்று மட்டும் இட்டால், தமிழ் நோக்கர் அதனைச் 'சற்றுப் பொறுங்கள்' என்று படிக்கக்கூடும். ஆங்கிலத்தில் உடைமை வினை இம்மயக்கத்தைத் தடுக்கிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உங்களிடம் ஒரு நிமிடம் இருக்கிறது' என்பது தமிழாகாது. 'ஒரு நிமிடந்தான் இருக்கிறது' என்பது தெளிவானது; ஆயினும் 'தான்' என்னும் இடைச்சொல் பேசுவோனிடம் சிறிது பரிவை ஏற்றிவிடுகிறது. உணர்ச்சியற்ற குரலுக்கு 'இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது' என்பது ஏற்றது. 'இன்னும்' என்பது காலம் கரையத் தொடங்கிவிட்டதையும் குறிப்பால் உணர்த்தும்.

காட்சியின் இறுதியில் இதே வகைச் சிக்கல் மீண்டும் எழுகிறது. இரட்டையர் தொடர் முழுவதும் அரிதாகவே வாய் திறப்பவர்கள். குண்டடிபட்டுக் கிடக்கும் ஹேங்கின் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டிய மார்கோ, ஸ்பானிய மொழியில் 'எளிது' என்னும் பொருள்பட இரு சொல் கூறிவிட்டுக் கோடரியை எடுக்கத் திரும்பிச் செல்கிறான். அந்த இடைவெளியில்தான் ஹேங்க் தோட்டாவை எட்டுகிறார். 'மிக எளிது' என்று தமிழாக்கினால், வேலை எளிதாக முடிந்தது என்று மார்கோ கூறுவதாகவே பொருள்படும். அவன் ஏன் சுடாமல் விலகினான் என்பது விளங்காது. அளவை மீறியது என்னும் கருத்தைத் தமிழ் 'மிக' என்னும் அடையால் உணர்த்துவதில்லை, தொடரமைப்பால் உணர்த்துகிறது. 'இவ்வளவு எளிதாகச் சாகக் கூடாது' எனலாம். இரு சொல் நான்காகின்றன. மார்கோ பேசி முடித்துக் காரை நோக்கி நடக்கும் நேரம் வரை வாசகத்தைத் திரையில் நிறுத்தலாம். ஹேங்கின் விரல் தோட்டாவை நோக்கி நகரும் முன் அதனை நீக்கிவிட வேண்டும்.